கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: ஆபரேஷன் கேள்வி-பதில்

ஹெர்னியா ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். இப்போது வேறொரு டாக்டரிடம் கேட்டால் இவர் கோபித்துக்கொள்வாரா?

கோபித்தாலும் கேளுங்கள். எந்தக் கட்டத்திலும் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று நோயாளி உரிமைகள் பற்றிய உலக மருத்துவச் சங்கத்தின் லிஸ்பன் பிரகடனமே சொல்கிறது. ஸ்கேன் நகல்களோடு போங்கள். கேள்விகளையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

அடிக்கடி வயிற்று வலி. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

வயது எழுதவில்லை, ஸ்கேன் எடுத்தீர்களா என்று எழுதவில்லை, டாக்டர் என்ன சொன்னார் என்றும் எழுதவில்லை. ஒற்றை வரிக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. முதலில் நேரில் காட்டுங்கள்.

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்த பிறகு படிவத்தை நீட்டினார்கள். கண்ணாடி கையில் இல்லை, மகன் கையெழுத்துப் போட்டான். இதில் தவறுண்டா?

உண்டு, தவறு உங்கள் மகனுடையதல்ல. இதே கடிதம் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் ஆத்திரமாக இருக்கிறது. நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன் இது. அத்தனை நாளில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கவில்லையா?

சுயநினைவோடு இருக்கும் வயதுவந்தவரின் உடம்புக்கு அவருடைய சம்மதம்தான் செல்லும். பிள்ளையோ கணவரோ கூட இருக்கலாம், அவருக்குப் பதிலாகச் சம்மதிக்க முடியாது. தூக்க ஊசி போட்டபின் வாங்கும் கையெழுத்தையும் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். எதற்காக ஆபரேஷன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், செய்யப்போவது யார்? இத்தனைக்கும் பதில் வந்த பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்தவரின் உறுப்பை, உயிருக்கு ஆபத்தில்லாதபோது அகற்றியது தவறு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. நோயாளி எந்த ஆபத்தைப் பெரிதாக நினைப்பாரோ அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றது பிரிட்டன் உச்ச நீதிமன்றம், 2015-ல். படிவத்தை முந்தைய நாளே கேட்டு வாங்கிப் படியுங்கள். புரியாததை எழுதிவைத்துக் கேளுங்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகு பின்வாங்கலாமா?

மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம்வரை பின்வாங்கலாம்.

பெயர் என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கேஸ் ஷீட்டைப் படிக்கவே மாட்டார்களா?

படித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலில் முதல் படியே, மயக்க மருந்துக்கு முன் இதையெல்லாம் நோயாளியிடமே கேட்டு உறுதிசெய்வதுதான். பக்கம் மாறி ஆபரேஷன் செய்த சம்பவங்கள் உண்டு. கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் போர்வையை விலக்கி மாணவர்களுக்குக் காட்டிவிட்டுப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்களிடம் கேட்காமல் போர்வையைத் தொட்டதே தவறு. மாணவர் பயிற்சிக்கு உடன்பட மாட்டேன் என்று நீங்கள் மறுக்கலாம். அதனால் சிகிச்சையில் எதுவும் குறையக் கூடாது. நேரில் சொல்லக் கூச்சமென்றால் வார்டு நர்ஸிடம் சொல்லுங்கள், அதற்கும் பலனில்லையென்றால் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள்.

டாக்டர் திட்டுவாரோ என்று சிகரெட் பழக்கத்தை மறைத்துவிட்டேன்.

இன்றே சொல்லுங்கள். நுரையீரலுக்கும் புண் ஆறுவதற்கும் அது கெடுதல்; நாலு வாரம் முன்பாவது நிறுத்தினால் நல்ல பலன் உண்டு. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, மூலிகை மருந்து எதையும் விடாமல் எழுதிக்கொண்டு போங்கள். மயக்க மருந்து டாக்டரிடமும் தனியாகச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் ஏற்றியாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.