வாசகர் கேள்வி – பதில்: பழைய தீயணைப்பு வண்டிகள்

கேள்வி: டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் பழைய தீயணைப்பு வண்டி ஒன்றைக் கண்டேன். ரயிலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: நீங்கள் கண்டது, 1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் மாரிஸ் நிறுவனம் தயாரித்து, ஹைதராபாத் நிஜாமின் ரயில்வேயில் பணிபுரிந்த வண்டி. நிலக்கரியும் எண்ணெயும் மரப்பெட்டிகளும் குவிந்து கிடந்த ரயில் பணிமனைகளுக்குத் தீயைப் பற்றிய அச்சம் எப்போதும் உண்டு. காற்றடைத்த டயர்களுக்குப் பதில் கெட்டி ரப்பர் சக்கரங்களே அதில் பொருத்தப்பட்டுள்ளன. தலைநகரில் நடக்கும் பழைய கார் அணிவகுப்புகளிலும் அது ஓடியிருக்கிறது.

கேள்வி: இத்தகைய வண்டிகளுக்குப் புதிதாக வண்ணம் பூசி, பித்தளையைப் பளபளவெனத் தேய்த்து வைப்பதுதானே சிறப்பு?

பதில்: எனக்கு உடன்பாடில்லை. பித்தளையைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் உலோகத்தில் ஒரு மெல்லிய படலம் போய்விடுகிறது. ஆண்டுக்கணக்கில் தேய்த்தால் தயாரிப்பாளர் தகட்டில் பொறித்த எழுத்துகளே மங்கிவிடும். ஒருமுறை கவனமாகச் சுத்தம் செய்து, மெழுகு பூசிவிட்டு, பிறகு தூசியை மட்டும் துடைத்துவருவதே நல்லது. வண்ணத்தைப் பொறுத்தவரை, பார்வையில் படாத ஓர் இடத்தில் சிறிது சுரண்டினால், அடுக்கடுக்காகப் பூசப்பட்ட பழைய நிறங்கள் மர வளையங்களைப் போல வெளிப்படும். அவற்றைப் புகைப்படம் எடுத்துப் பதிவுசெய்யாமல் தூரிகையைத் தொடுவது வரலாற்றை அழிப்பதாகும். ஏணியின் கைபட்டு வழுவழுப்பான படிகளையும், குழாய் உரசிய தழும்புகளையும் சரிசெய்யக் கூடாது என்பேன், ஏனெனில் வண்டி உழைத்ததற்கான சான்று அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: அவற்றை அவ்வப்போது ஓட்ட வேண்டுமா?

பதில்: ஓட்டினால் பாகங்கள் தேயும், மாற்றுப் பாகங்கள் கடையில் கிடைக்கா. ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தால் எரிபொருளை முழுவதும் வடித்துவிட வேண்டும். பம்பில் தங்கிய தண்ணீரையும் விட்டுவைக்கக் கூடாது, அது உள்ளிருந்தே துருவேற்றும். டயர்கள் ஒரே பக்கம் அழுந்தித் தட்டையாகாதபடி அச்சுகளுக்கு முட்டுக் கொடுப்பது அவசியம்.

கேள்வி: குழந்தைகள் ஏறத் துடிக்கிறார்களே, என்ன செய்வது?

பதில்: அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், 1725-ஆம் ஆண்டின் கைப்பம்பு முதல் பல வண்டிகளைக் காக்கும் ‘ஹால் ஆஃப் ஃப்ளேம்’ அருங்காட்சியகம், குழந்தைகள் ஏறி விளையாடுவதற்கென்றே ஒரு வண்டியை ஒதுக்கியிருக்கிறது. நம் ஊர்களில் ஏலத்துக்குப் போகும் வண்டிகளில் ஒன்றை அப்படி வைத்தால், அரிய வண்டிகளைச் சுற்றிக் கயிறு கட்டுவதில் பிள்ளைகளுக்கும் மனக்குறை இராது.