கேளுங்கோ, சொல்லுறன்: தங்கூசியும் கரைவலையும்

கேள்வி (வாசகி, கிளிநொச்சி): ஐயா, நீங்கள் முல்லைத்தீவுக் கடற்கரையில வளந்தனீங்கள் எண்டு போன இதழில எழுதியிருந்தியள். சின்னனில தூண்டில் போட்டிருப்பியள்தானே, என்ன மீன் பட்டது?

பதில்: உண்மையைச் சொன்னா மீனைவிட என்ர கைதான் கூடப் பட்டது தங்கச்சி. தடியெல்லாம் ஆரிட்ட இருந்தது, வெறும் பால்மாப் பேணியில தங்கூசியை, அதுதான் நைலோன் தூண்டில் நூலை, சுத்தி நுனியில ஈயமும் முள்ளும், இரைக்கு அம்மாவுக்குத் தெரியாமக் குசினியில எடுத்த ரெண்டு இறால், அவ்வளவுதான். முழங்கால் தண்ணியில நிண்டு எறிஞ்சிட்டு தங்கூசியைச் சுட்டுவிரலுக்கு மேல போட்டுக்கொண்டு நிப்பம். காரல் எண்டா சும்மா அரிச்சுக்கொண்டிருக்கும், நண்டு பாரமா இழுக்கும், கெளிறு ஒரே வெட்டுத்தான். ஒருநாள் புத்தி கெட்டு விரலில ரெண்டு சுத்துச் சுத்தி வைச்சிருந்தன், இழுத்த இழுவையில விரல் வெட்டுப்பட்டு, அதோட விட்டுதோ, வந்த கெளிறைக் கழட்டப் போய்ச் செட்டை முள்ளும் ஏறி, நான் கத்தின கத்தில கரையில மீன்பிடி வாடிக் கொட்டிலில இருந்த ஆக்கள் ஓடி வந்திட்டினம். அப்பப்பா தேத்தண்ணிக்கு வைச்ச சுடுதண்ணியை வாளியில ஊத்தி, பொறுக்கிற சூட்டில கையை வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில கடுப்பு இறங்கிட்டுது. கெளிறின்ர நஞ்சு சூட்டுக்கு நிக்காது எண்டு கனகாலத்துக்குப் பிறகு ஒரு டொக்டரும் சொன்னவர்.

கேள்வி (வாசகர், வவுனியா): கரைவலை இழுத்தா சின்னப் பொடியளுக்கும் காசு குடுப்பினமோ?

பதில்: காசோ! தோணியில கொண்டுபோய்க் கடலில வளைச்சுப் போட்ட வலையைக் கரையில நிண்டு கயித்தால இழுக்கிறதுதானே கரைவலை. வலைக்கும் தோணிக்கும் கழிச்சு மிஞ்சிறதைத்தான் பெரியாக்களே பங்கு போடுறவை. அவை இடுப்பில கயித்தைக் கொளுவி அம்பா எண்ட வலை இழுக்கிற பாட்டுப் பாடிக்கொண்டு பின்பக்கமா நடப்பினம், நாங்கள் கயித்தின்ர வாலில தொங்கிக்கொண்டு இழுக்கிற மாதிரி ஒரு நடிப்பு. வலைக்காரச் சம்மாட்டிக்கு, அதுதான் முதலாளிக்கு, அது தெரியும். எண்டாலும் மீன் சேர்ற வலை மடி கரைக்கு வந்தோண்ண ரெண்டு கை சாளையோ சூடையோ அள்ளித் தருவார், செவுளுக்கால ஈர்க்கைக் கோத்துத் தூக்கிக்கொண்டு வீட்ட ஓட்டம்தான். இப்ப சில இடத்தில ட்ரக்டரில வின்ச் பூட்டி இழுக்கினம், அதில பொடியளுக்கு என்ன வேலை சொல்லுங்கோ. எனக்கு அது பிடிக்கிறேல்ல, அடியில கிடக்கிற குஞ்சு குருமனெல்லாம் வாரிக்கொண்டு வருகுது எண்டு தொழில் செய்யிற ஆக்களே பேசுகினம்.

கேள்வி (வாசகி, புதுக்குடியிருப்பு): அப்ப மாரியில?

பதில்: வாடைக்காத்துத் துவங்கினா கரைவலைத் தொழில் நிண்டு வலை கரையேறிடும், கடல் பக்கம் போக விடமாட்டினம். நந்திக்கடல் களப்பு இருக்கே. வெள்ளம் கூடி களப்புத் தண்ணி கடலுக்குப் போக வட்டுவாகலில முகத்துவாரத்தை வெட்டினா இறால் கடலுக்கு இறங்கும், பெரியாக்கள் வீச்சுவலையோட நிப்பினம், நாங்கள் அப்பான்ர சாரத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சு அரிப்பம். புதுச் சாரம் கிழிஞ்சு போச்செண்டு அம்மா பூவரசந் தடி எடுத்தவ. குசினியில எடுத்த இறாலுக்கெல்லாம் வட்டியோட கொண்டு வந்திருக்கிறன்தானே எண்டன், அதுக்கும் சேர்த்து ரெண்டு விழுந்தது.