துன்புறுத்தப்பட்ட ஹியூகனோ (பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட்) வணிகர்களுக்குப் பிரான்சில் இவ்வளவு பெரிய மாளிகைகள் எப்படி வந்தன?

நீங்கள் அநேகமாகத் துறைமுக ஊர்களான லா ரோஷெல்லிலோ போர்தோவிலோ அந்தக் கல் மாளிகைகளைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள். ஒரே சொல்லில் பதில்: சர்க்கரை.

புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாந்த் ஆணையை 1685இல் மன்னர் பதினான்காம் லூயி ரத்து செய்த பிறகு ஓடாமல் தங்கிய புராட்டஸ்டண்டுகளுக்கு அரசுப் பதவி கிடையாது, 1787 வரை அவர்கள் முறைப்படி செய்த கல்யாணம்கூடச் சட்டத்தில் செல்லாது. மிஞ்சியது வியாபாரம்தான். ஓடிப்போன சொந்தங்கள் ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் இருந்ததால் கடனுக்கும் சரக்குக்கும் ஆள் இருந்தது.

நான் லா ரோஷெல்லில் படித்தவன். பாரிசிலிருந்து மாமா வந்தபோது 'புதிய உலக அருங்காட்சியகத்துக்கு' கூட்டிப் போனேன். அது ஃப்ளூரியோ என்ற புராட்டஸ்டண்ட் வணிகர் 1772இல் வாங்கிய மாளிகை. மாமா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். 1627-28இல் மன்னர் படை இந்தப் புராட்டஸ்டண்ட் ஊரை முற்றுகையிட்டதில் பட்டினியால் ஊரில் பெரும்பாலானோர் செத்த கதையை வழியில் சொல்லியிருந்தேன், மனிதர் உருகிவிட்டார். "தம்பி, இவையளும் எங்களைப் போல அடிபட்ட சனம், பார் எப்பிடி முன்னேறியிருக்கினம்" என்று மரப்பலகை பதித்த சுவர்களைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம் அடிமை வணிகம் பற்றிய அறை வந்தது. ஃப்ளூரியோவின் பணம் சென் தொமிங்கில், அதாவது இன்றைய ஹைட்டியில், அடிமைகள் வேலை செய்த கரும்புத் தோட்டத்தில் வந்தது. மாமா வாயே திறக்கவில்லை. ஆப்பிரிக்கக் கரையில் ஆட்களை வாங்க ஐரோப்பியர் கொடுத்த சரக்கில் நம் சோழமண்டலக் கரைத் துணியும் இருந்தது என்று நான் சொன்னதும்தான் கோபம் வந்தது, அதுவும் என்மேல். "உனக்கு எதிலயும் குறைதான்" என்றார். அன்று சாப்பாட்டுக் காசையும் என்னையே கொடுக்க விட்டார்!

உடனே கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். எல்லா ஹியூகனோக்களும் அடிமை வணிகர்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்களில் பெரும்பாலோர் நெசவாளர்கள், கைவினைஞர்கள், விவசாயிகள். கத்தோலிக்கர்களும் இதே தொழிலைச் செய்தார்கள், பிரான்சில் அடிமைக் கப்பல்கள் அதிகம் கிளம்பியது நாந்த் துறைமுகத்திலிருந்து. ஆனால் அடிபட்டவன் இன்னொருவனை அடிக்க மாட்டான் என்று நம்புகிறோமே, அந்த நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் தேடினால் எனக்குக் கிடைக்கவில்லை.

போர்தோ பக்கம் போனால் நேராக் மாளிகையையும் பாருங்கள். பால் நேராக் புராட்டஸ்டண்ட், அடிமைக் கப்பல் முதலாளி. மாளிகையை வடிவமைத்த விக்டர் லூயிதான் அந்த ஊர் பெரிய நாடக அரங்கையும் கட்டியவர்.

இந்த மாளிகைகளில் குடியிருக்க ஆசைப்பட்டு மட்டும் விடாதீர்கள். படிக்கும்போது அப்படி ஒரு பழைய வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தேன், லிஃப்ட் கிடையாது, குளிர்காலம் முழுக்கச் சுவர் ஓதம். காலி செய்தபோது அந்த ஓதக் கறையைக் காட்டியே வீட்டுக்காரர் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். கடிதம் எழுதினேன், பதிலே இல்லை. முந்நூறு வருடச் சுவர் நான் வந்துதான் நனைந்ததாம்.