பெயரை அழித்தால் போதுமா? தரவு பற்றிய உங்கள் கேள்விகள்

கேள்வி (இதழியல் மாணவி, வெள்ளவத்தை): அக்கா, ஒரு கணக்கெடுப்புக் கோப்பு கையில் கிடைத்தது. பெயர்களை அழித்துவிட்டேன், அடையாள அட்டை இலக்கம் மட்டும் இருக்கிறது. இணையத்தில் போடலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. அந்த இலக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். புதிய அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1990532 என்று தொடங்கினால், 1990 பெப்ரவரி 1 பிறந்த பெண். கூடவே ஒழுங்கையின் பெயரும் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரே ஆளைச் சொல்லிவிடுவார். 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 650,000 பேர் இணையத்தில் தேடியவற்றை, பெயருக்குப் பதிலாக எண் போட்டு வெளியிட்டது. சில நாட்களிலேயே நியூயோர்க் டைம்ஸ் செய்தியாளர்கள் அதில் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் தேடிய சொற்களே காட்டிக்கொடுத்தன.

கேள்வி (கொட்டாஞ்சேனை): சமூக ஊடகத்தில் எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவுதானே, ஆய்வுக்கு எடுத்தால் என்ன பிழை?

பதில்: எடுக்கலாம், ஆனால் ஆளைக் காட்டாமல். ஒரு வரியை அப்படியே மேற்கோள் காட்டினாலும் தேடுபொறியில் போட்டால் எழுதியவர் வந்துவிடுவார். கருத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

கேள்வி (ஆசிரியர், தெஹிவளை): அப்படியென்றால், நாங்கள் எப்போது எங்கே இருந்தோம் என்று காட்டும் கைபேசித் தரவால் நன்மையே இல்லையா?

பதில்: நிறைய உண்டு சேர். கொழும்புக்குள் வேலைக்கு வந்துபோகிறவர்களின் பயணத்தை லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனத்தினர் அந்தத் தரவை வைத்துத்தான் படித்தார்கள். அங்கே தேவைப்பட்டது கூட்டத்தின் போக்கு, தனி ஆள் அல்ல. தனி ஆளின் தடத்தை வெளியே விடுவதுதான் ஆபத்து. 15 இலட்சம் பேரின் தரவை வைத்து 2013இல் வந்த ஓர் ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகளே 95 வீதமானோரைத் தனித்துக் காட்டின.

கேள்வி (பம்பலப்பிட்டி): எங்களுக்குச் சட்டம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். இனம், மதம், உடல்நலம் பற்றிய தரவுகளுக்கு அதில் கூடுதல் பாதுகாப்பு.

கேள்வி (மருதானை): ஒரு பட்டியலுக்கு ஏன் இவ்வளவு பயம்?

பதில்: 1983 ஜூலையில் இதே நகரத்தில் கலவரக்காரர்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். வாக்களிப்பதற்காகக் கொடுத்த பெயர் அது. என் அம்மா இன்றைக்கும் படிவம் நிரப்பும்போது ‘இனம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனையைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுவார்.