பதினோரு ஆண்டு அனுபவம் ஏன் போதவில்லை? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பதினோரு ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தில் அறிக்கைகள் எழுதும் பணியில் இருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் மளமளவென்று முன்னேறினேன். பிறகு அப்படியே நின்றுவிட்டேன். பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எவரும் வல்லுநராகலாம் என்கிறார்கள். அதைவிட அதிகமாகவே உழைத்துவிட்டேன். எனக்குத் திறமை அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்வதா?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கணக்கில் சேர்த்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வேலை செய்த நேரம்; பயிற்சி செய்த நேரம் அதில் மிகக் குறைவாகவே இருக்கும்.

பத்தாயிரம் என்ற எண்ணின் பின்னணியைப் பார்ப்போம். ஆண்டர்ஸ் எரிக்ஸன் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மிகச் சிறந்தவர்கள் என்று ஆசிரியர்கள் கருதிய மாணவர்கள், இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள் என்பது அதில் ஒரு செய்தி. அது வெறும் சராசரிதான் என்பதையும், அந்த எண்ணை எட்டாதவர்களும் அக்குழுவில் இருந்தார்கள் என்பதையும் எரிக்ஸனே பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் வலியுறுத்தியது நேரத்தின் அளவை அல்ல. தன்னால் இன்னும் சரியாகச் செய்ய முடியாத ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தெடுத்து, முழுக் கவனத்துடன் செய்து பார்த்து, எங்கே பிசகியது என்பதை உடனே அறிந்து, திருத்தி மீண்டும் செய்வதைத்தான் அவர் பயிற்சி என்றார்.

அன்றாட வேலை நமக்கு இந்த வாய்ப்பைத் தருவதில்லை. எந்தத் திறனையும் கற்கத் தொடங்கும்போது ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்கிறோம். பிழைகள் மெல்லக் குறைகின்றன. கடைசியில் அது கைப்பழக்கமாகி, யோசனையே தேவைப்படாத நிலைக்கு வந்துவிடுகிறது. இந்த மூன்று கட்டங்களை 1967-இல் உளவியலாளர்கள் பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் விளக்கினார்கள். மூன்றாம் கட்டம் நமக்கு மிகவும் வசதியானது, ஆனால் தேக்கம் தொடங்குவதும் அங்கேதான். உங்கள் அறிக்கையை மேலாளர் ஏற்றுக்கொள்ளும் நிலை வந்த நாளிலிருந்து, அதை மேலும் நன்றாக எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லாமல் போயிருக்கும்.

இதிலிருந்து வெளிவர, அமெரிக்க அரசியல் தலைவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளமையில் கைக்கொண்ட வழியைப் பரிந்துரைக்கிறேன். தமக்குப் பிடித்த கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் ஓரிரு சொற்களில் குறித்துக்கொண்டு, சில நாள் கழித்து அக்குறிப்புகளை மட்டும் வைத்துக் கட்டுரையைத் தம் சொற்களில் மீண்டும் எழுதுவார். பிறகு மூலத்துடன் ஒப்பிட்டுத் தம் பிழைகளைக் கண்டு திருத்துவார். நீங்கள் மதிக்கும் ஒருவரின் அறிக்கையிலிருந்து ஒரே ஒரு பத்தியை எடுத்து இப்படிச் செய்து பாருங்கள். அவர் முடிவை முதல் வரியில் சொல்லிவிட்டுக் காரணங்களைப் பின்னால் அடுக்கியிருக்க, நீங்கள் காரணங்களைச் சொல்லிச் சொல்லி முடிவைக் கடைசியில் ஒளித்து வைத்திருப்பது, இரண்டையும் அருகருகே வைத்ததும் கண்ணில் படும். அரை மணி நேரத்துக்குள் களைத்துப் போவீர்கள். அந்தக் களைப்பு வரவில்லை என்றால், ஏற்கெனவே தெரிந்ததையே செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றுதான் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: பூப்பந்து விளையாடுகிறேன். பயிற்சியின்போது என் சர்வீஸ் பிசகுவதே இல்லை. போட்டியின் முக்கியமான புள்ளியில் மட்டும் வலையில் அடித்துவிடுகிறேன். கவனமாக அடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் பயனில்லை.

பதில்: அப்படிச் சொல்லிக்கொள்வதே காரணமாக இருக்கலாம். உளவியலாளர் சையன் பெய்லாக்கும் சக ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கால்பந்தைக் காலால் உருட்டிச் செல்லும்போது பந்து பாதத்தின் எந்தப் பக்கத்தில் படுகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். புதியவர்களுக்கு அந்தக் கவனம் உதவியது. தேர்ந்த ஆட்டக்காரர்களோ தங்கள் பழகிய காலால் ஆடும்போது வேகம் குறைந்து தடுமாறினார்கள். தானாக நடக்கும் அளவுக்குப் பழகிய செயலை, பதற்றத்தில் மீண்டும் துண்டு துண்டாகப் பிரித்து மேற்பார்வை பார்க்கத் தொடங்கினால் அதன் ஒழுங்கு கலைந்துவிடுகிறது. உங்கள் மணிக்கட்டைக் கவனிப்பதை விட்டுவிட்டு, பந்து எதிர்ப்புறத்தில் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் நிறுத்திச் சர்வீஸ் செய்யுங்கள். பயிற்சியையும் கொஞ்சம் கடுமையாக்குங்கள். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே ஒரு வாய்ப்புதான் என்ற நிபந்தனையுடன் அடித்துப் பழகினால், போட்டியின் அழுத்தம் உங்களுக்குப் புதிதாக இராது.

இதே போன்ற கேள்வியைத் தேர்வு எழுதும் மாணவி ஒருவரும் அனுப்பியிருக்கிறார். அவருடைய சிக்கல் வேறு வகையானது. கணக்குப் போடும்போது எண்களைத் தாங்கிப் பிடிக்கும் நினைவில் கவலையும் வந்து இடம் பிடித்துக்கொள்வதால்தான் தெரிந்த விடையும் வராமல் போகிறது. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தம் அச்சங்களை ஒளிக்காமல் தாளில் எழுதிய மாணவர்கள், குறிப்பாக அதிகம் பதறும் இயல்புடையவர்கள், மேலான மதிப்பெண் பெற்றதை 2011-இல் பெய்லாக்கும் ஹெரார்டோ ராமிரெஸும் காட்டினார்கள். செலவில்லாத வழி என்பதால் தயங்காமல் முயன்று பார்க்கலாம்.

கேள்வி: முடியும் என்று முழுமையாக நம்பினால் எதையும் சாதிக்கலாம் என்பது உண்மையா?

பதில்: நம்பிக்கை தேவை, ஆனால் அது தனியே எதையும் செய்துவிடாது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் இதை ஆராய்ந்தபோது, தன் திறன்மீது ஒருவருக்கு உண்டாகும் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார். அவற்றுள் வலிமையானது, கடினமான ஒன்றைத் தானே செய்து முடித்த அனுபவம். பிறர் சொல்லும் ஊக்க மொழி அதற்கு மிகவும் பின்தங்கியது. ஆகவே என்னால் முடியும் என்று கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொள்வதைவிட, இன்று சற்றே கடினமான ஒன்றைச் செய்து முடிப்பது மேல்.

கேள்வி: என் ஆறு வயது மகள் மணிக்கணக்காகப் படம் வரைவாள். அவள் திறமையை வளர்க்க ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பரிசு தரலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: அன்புகூர்ந்து அந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள். 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும், வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வரைந்தால் அழகிய சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள்; இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் இறுதியில் தந்தார்கள்; மூன்றாவது குழுவுக்கு எதுவும் தரவில்லை. பல நாள் கழித்து, சும்மா விளையாடும் நேரத்தில் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைப்போல் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். விருப்பத்துக்காகச் செய்தது கூலிக்காகச் செய்வதாக மாறிவிட்டது. திடீரென்று தரும் பரிசு அவ்வாறு கெடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அவள் அருகில் உட்கார்ந்து, இந்த மரத்தின் வேர் ஏன் வெளியே தெரிகிறது, இவள் எங்கே ஓடுகிறாள் என்று கேளுங்கள். தான் வரைந்ததை ஒருவர் உண்மையாகவே பார்க்கிறார் என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடும். பிற்காலத்தில் திறனைக் கூர்தீட்டும் கடும் பயிற்சியைத் தாங்க அவளுக்கு இந்த விருப்பம் வேண்டும். அதைச் சேதமில்லாமல் காப்பாற்றுவதே இப்போது உங்கள் பொறுப்பு.

கேள்வி: எனக்கு 47 வயது. என் முழுத் திறனை எட்டிவிட்டேனா, இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று எந்தச் சோதனையாவது சொல்லுமா?

பதில்: சொல்லாது. எரிக்ஸனும் வில்லியம் சேஸும் 1980-இல் பதிவுசெய்த ஒரு கல்லூரி மாணவரை நினைத்துப் பாருங்கள். விநாடிக்கு ஒன்றாகச் சொல்லப்படும் எண்களில் அவரால் முதலில் ஏழு எண்களைத்தான் நினைவில் வைக்க முடிந்தது. பெரும்பாலோருடைய அளவும் ஏறத்தாழ அதுவே. ஏறத்தாழ 230 மணி நேரப் பயிற்சிக்குப் பின் 79 எண்களைச் சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர் என்பதால் எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றி நினைவில் கோத்துக்கொண்டார். முதல் நாளில் எந்தச் சோதனை வைத்திருந்தாலும் அவருடைய எல்லை ஏழு என்றுதான் சொல்லியிருக்கும். அதே மாணவருக்கு எண்களுக்குப் பதில் எழுத்துகளைத் தந்தபோது, அவர் மீண்டும் ஆறு எழுத்துகளிலேயே நின்றார். வளர்ந்தது அவர் பயின்ற அந்தக் குறுகிய திறன் மட்டுமே.

பயிற்சியால் எல்லாம் ஆகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதருக்கு மனிதர் திறனில் காணும் வேறுபாட்டில் இசையில் 21 சதவீதத்தையும் விளையாட்டில் 18 சதவீதத்தையும் மட்டுமே இத்தகைய பயிற்சி விளக்கியது. பிறப்பிலேயே வருவதும், தொடங்கிய வயதும், கிடைத்த ஆசிரியரும் மிச்சத்தில் பங்கு பெறக்கூடும். பிறரோடு ஒப்பிடும் அந்தக் கணக்கு, நேற்றைய உங்களைவிட நாளைய நீங்கள் எவ்வளவு மேம்படலாம் என்பதற்கு வரம்பு கட்டுவதில்லை. எந்தத் துறையில் முன்னேற விரும்புகிறீர்கள் என்பதைக் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. அதையும், அதில் உங்களுக்கு இன்னும் கைவராத ஒரு சிறு பகுதியையும் எழுதி அனுப்புங்கள். அந்தப் பகுதிக்கு எப்படிப் பயிற்சி அமைக்கலாம் என்று அடுத்த இதழில் எழுதுகிறேன்.