அப்பாவின்ர நெஞ்சு நோவும் நைட்ரிக் ஆக்சைட் பவுடரும்

அண்ணா வணக்கம். நாங்கள் திருகோணமலை உவர்மலையில இருக்கிறம். அப்பாவுக்குப் போன வருசம் ஹார்ட் அட்டாக் வந்தது, கிளினிக்ல குடுத்த குளிசையளை ஒழுங்காப் போடுறார். இப்ப ஆரோ வாட்ஸ்அப்பில அனுப்பின விளம்பரத்தைப் பார்த்திட்டு நைட்ரிக் ஆக்சைட் கூட்டுற பவுடர் எண்டு ஒரு டின் வாங்கிட்டார். குடிச்சா ரத்தக்குழாய் அடைக்காதாம், குளிசையும் தேவையில்லையாம். டின்னில எல்-ஆர்ஜினின் எண்டு போட்டிருக்கு. குடுக்கலாமா?
- ஒரு வாசகி

அன்புத் தங்கச்சி,

முதல் அந்த டின்னை எடுத்து ஒளிச்சு வையுங்கோ. குளிசையை ஒரு நாளும் நிப்பாட்ட விடாதேங்கோ.

விளம்பரத்தில பாதி உண்மை இருக்கு, அதாலதான் ஆக்கள் நம்பிப்போகினம். நைட்ரிக் ஆக்சைட் எங்கட ரத்தக்குழாயே செய்யிற ஒரு வாயு. குழாயின்ர உள்பக்கம் முழுக்க ஒரேயொரு செல் கனத்தில மெல்லிய படை ஒண்டு இருக்கு, எண்டோதீலியம் எண்டு சொல்லுவினம், அதுதான் ஆர்ஜினின் எண்ட அமினோ அமிலத்தில (புரதத்தின்ர ஒரு கூறு) இருந்து இதைச் செய்யுது. சில செக்கன்தான் அதுக்கு ஆயுசு, அதுக்குள்ள பக்கத்துத் தசையைத் தளர்த்திக் குழாயை விரிக்கும், பிரஷர் இறங்கும், ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்ஸ் சுவரில ஒட்டிக் கட்டியாகாமலும் வெள்ளை அணுக்கள் உள்ள புகுந்து கொழுப்பு படியாமலும் பார்த்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிச்ச கதை எனக்குச் சரியான விருப்பம். நியூயோர்க்கில ரொபர்ட் பேர்ச்கொட் எண்ட விஞ்ஞானி முயலின்ர பெருநாடித் துண்டுகளில அசற்றைல்கோலின் எண்ட நரம்பு ரசாயனத்தை விட்டுப் பார்த்தார், சில துண்டு விரியுது, சில துண்டு சுருங்குது. கடைசியாப் பார்த்தா வெட்டி எடுக்கேக்க உள்பக்கம் உரஞ்சுப்பட்டு அந்தப் படை போன துண்டுகள்தான் விரியேல்ல! 1980ல அதை எழுதினார். படையில இருந்து வாறது நைட்ரிக் ஆக்சைட்தான் எண்டு 1986ல சொன்னாங்கள், 1998ல அவருக்கும் இதையே ஆராய்ஞ்ச இக்னாரோ, முராட் ரெண்டு பேருக்கும் மருத்துவ நோபல் பரிசு.

அப்ப படையைத்தான் காப்பாத்த வேணும். சிகரெட், சீனி வருத்தம், பிரஷர், கெட்ட கொலஸ்ட்ரோல் எல்லாம் அதைத்தான் பழுதாக்குது, அப்பாவின்ர குளிசையளில பாதி இதுகளை அடக்கத்தான். படை பழுதாயிருக்கேக்க ஆர்ஜினினைக் கொட்டி என்ன செய்யிறது? அமெரிக்காவில ஹார்ட் அட்டாக் வந்த 153 பேரை ரெண்டாப் பிரிச்சு ஒரு பக்கத்துக்கு எல்-ஆர்ஜினின் குடுத்துப் பார்த்தவை, 2006ல முடிவு வந்தது: குழாய் இளகேல்ல, குடுத்த பக்கத்தில 6 பேர் செத்துப்போச்சினம், மற்றப் பக்கத்தில ஒருத்தரும் இல்ல, மேற்கொண்டு ஆக்களைச் சேர்க்கிறதையே நிப்பாட்டிப்போட்டாங்கள். உங்கட அப்பாவும் அதே மாதிரி ஆள்தானே, அதாலதான் இவ்வளவு கண்டிப்பாச் சொல்லுறன்.

டொக்டர் ஓம் எண்டா பின்னேரத்தில டச் பே பக்கம் நடக்கச் சொல்லுங்கோ. நடக்கேக்க ரத்தம் வேகமா ஓடி அந்தப் படையை உரசும், அந்த உரசலாலேயே வாயு கூடச் சுரக்கும். முளைக்கீரை, பீட்ரூட்டில இருக்கிற நைட்ரேட்டை நாக்கில இருக்கிற பக்டீரியா மாத்தித் தர உடம்பு அதிலயும் கொஞ்சம் செய்துகொள்ளும், அதால கிருமி கொல்லுற மவுத்வாஷ் தினமும் தேவையில்லை.

நெஞ்சு நோவுக்கு நாக்குக்கு அடியில வைக்கிற குளிசை குடுத்திருந்தா, அதுவும் இதே வாயுவைத்தான் உள்ள போய்க் குடுக்குது. அதை வந்த கண்ணாடிப் போத்திலிலயே வையுங்கோ, சேட் பொக்கற்றில கடதாசியில சுத்தி வைச்சா வீரியம் போயிடும். இருந்துகொண்டு வைக்கச் சொல்லுங்கோ, தலை சுத்தும். வைச்சு அஞ்சு நிமிசத்தில நோ குறையேல்ல எண்டா யோசிக்காம 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.