மோட்டார் ஓடத் தொடங்கியதும் அர்டுயினோ ஊனோ ரீசெட் ஆகிறதா? பேட்டரியைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் ரோபோ வண்டியின் ஊனோ போர்டு (மோட்டார்களுக்குக் கட்டளை தரும் சின்னக் கணினிப் பலகை) யுஎஸ்பியில் ஒழுங்காக இயங்குகிறது, 9 வோல்ட் பேட்டரிக்கு மாற்றியதும் சக்கரம் ஒருமுறை துடித்துவிட்டு ஊனோ ரீசெட் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புரோகிராம் கோடைத் தொட வேண்டாம், கோளாறு பேட்டரியில்தான்.

அந்தச் சின்னச் சதுர பேட்டரிக்கு உள்மின்தடை அதிகம். மஞ்சள் கியர் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் இழுக்கும். அப்போது வோல்டேஜ் சரிந்து போர்டு அணைந்துவிடும். போதாததற்கு மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் டிரைவர் போர்டே 2 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும். அதனால்தான் நான்கு பென்சில் செல்லும் (6 வோல்ட்) இதற்குப் போதாது.

இரண்டு 18650 லித்தியம் செல்களைத் தொடராக இணையுங்கள், 7.4 வோல்ட் கிடைக்கும். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளதாகவே வாங்குங்கள், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். பிளஸ் வயரை சுவிட்ச் வழியாக டிரைவரின் 12 வோல்ட் முனைக்கும் ஊனோவின் விஐஎன் (மின் உள்ளீடு) முனைக்கும் கொடுங்கள். டிரைவரில் உள்ள 5 வோல்ட் ஜம்பர் (இரு முனைகளை இணைக்கும் சின்ன மூடி) அப்படியே இருக்கட்டும். ஆனால் அதன் 5 வோல்ட் முனையை ஊனோவோடு சேர்க்காதீர்கள். பேட்டரி மைனஸ், டிரைவர் கிரவுண்ட், ஊனோ கிரவுண்ட் மூன்றும் கட்டாயம் ஒன்றாக இணைய வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று குறித்த (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தால் மின் இரைச்சல் குறையும்.

சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கிவைத்து ஓட்டிப் பாருங்கள். நேராகப் போகச் சொல்லும்போது ஒரு சக்கரம் முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சுழன்றால், ஒரு மோட்டாரின் இரு வயர்களை மட்டும் இடம் மாற்றுங்கள்.